அடுத்த வீட்டில் அடி விழும்போது: ஊர் கூடிக் குடும்ப வன்முறையைத் தடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

இரவு பத்தரை மணிக்குத் தெருவில் ஒரு அலறல். பத்து வீட்டில் விளக்கு எரிகிறது. ஒரு கதவும் திறக்கவில்லை. மறுநாள் குழாயடியில் எல்லோருக்கும் அதே பேச்சுதான். இதைக் கோழைத்தனம் என்று திட்டிவிட்டுப் போவது சுலபம். யார் முதலில் போவது, போய் என்ன சொல்வது, போலீஸ் வந்தால் யார் பேசுவது என்று எதுவுமே முன்கூட்டி முடிவாகாத ஊரில் எவர்தான் கதவைத் திறப்பார்? அந்த முடிவுகளைப் பகலில், நிதானமாக உட்கார்ந்து எடுத்து வைப்பதற்கான வழிமுறை இது. 300 முதல் 500 வீடுகள் உள்ள தமிழ்நாட்டு ஊராட்சி ஒன்றையோ நகராட்சி வார்டு ஒன்றையோ மனதில் வைத்து எழுதியிருக்கிறோம்.

கட்டப் பஞ்சாயத்து ஆகிவிடக் கூடாது

ஊர்க்குழு என்றதும் ஆலமரத்தடியில் இரண்டு தரப்பையும் உட்காரவைத்து விசாரிக்கும் காட்சிதான் பலருக்கு நினைவில் வரும். குழு கெட்டுப்போவது அங்கேதான். அடி வாங்கியவளை அடித்தவன் முன்னால் நிறுத்தி, "நடந்ததைச் சொல்லும்மா" என்று கேட்டால் அவள் பாதியைத்தான் சொல்வாள். சொன்ன பாதிக்கும் அன்று இரவு வீட்டில் தண்டனை கிடைக்கும். பெரியவர்கள் "இனிமே அடிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணுப்பா" என்பார்கள்; அவனும் பண்ணுவான். அதன்பின் அவள் மறுபடி வந்து சொன்னால், சத்தியம் வாங்கிய பெரியவர்களுக்கே அது அவமானமாகிவிடும். அதனால் அவளைத்தான் "அனுசரிச்சுப் போ" என்பார்கள்.

ஆகவே குழுவின் வேலையை நான்கு சொல்லில் வரையறுத்துக்கொள்ளுங்கள்: கவனிப்பது, குறுக்கிடுவது, கூடப் போவது, குறித்து வைப்பது. தீர்ப்பு சொல்வது இதில் இல்லை. சமாதானம் பேசுவதும் இல்லை.

ஆள் சேர்ப்பது

ஒன்பது பேர் போதும். பதினைந்தைத் தாண்டினால் ரகசியம் நிற்காது. மூன்றில் இரண்டு பங்கு பெண்கள் இருக்கட்டும். அங்கன்வாடிப் பணியாளர், கிராம சுகாதார செவிலியர், மகளிர் சுய உதவிக் குழுவில் கணக்கு எழுதுபவர் ஆகிய மூவரும் எந்த வீட்டுக்குள்ளும் காரணம் சொல்லாமல் நுழையக்கூடியவர்கள் என்பதால் முதலில் இவர்களைக் கேளுங்கள். அரசுப் பணியில் இருப்பவர் பெயர் வெளியில் தெரிய வேண்டாம் என்றால், பட்டியலில் இல்லாமலே தகவல் சொல்பவராக இருக்கட்டும்.

ஆண்களில் மூன்று பேர். பதவியைப் பார்க்காதீர்கள், குடித்துவிட்டு நிற்பவன் யார் சொன்னால் அடங்குவான் என்று பாருங்கள். பெரும்பாலும் அது கபடிக் குழுவின் மூத்த ஆட்டக்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியர், கொத்தனார் மேஸ்திரி என்று யாராவதாக இருக்கும். இரவில் வண்டி எடுக்கத் தயங்காத ஓர் ஆட்டோக்காரர் கட்டாயம் வேண்டும்.

ஊருக்கு ஒரு குழு, காலனிக்கு ஒரு குழு என்று பிரிக்காதீர்கள். பிரித்தால், சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட பெண்ணுக்கு இரண்டு பக்கமும் ஆள் இருக்காது. ஒரே சாதிக்காரர்களாகக் குழு அமைந்தாலும் இதே கதிதான். மிகப் பெரிய ஆபத்து யாருக்கோ, அவருக்கே உதவ முடியாத குழுவாக அது நின்றுவிடும்.

சேர்க்கக் கூடாதவர்கள்: தன் வீட்டில் கை நீட்டுபவர் (ஊருக்கே தெரிந்திருக்கும், சொல்லத்தான் கூச்சம்), வட்டிக்கு விடுபவர், தேர்தலில் நிற்கும் எண்ணத்தில் இருப்பவர். ஊராட்சித் தலைவரை ஆதரவாளராக வைத்துக்கொள்ளலாம், உறுப்பினராக வேண்டாம். வாக்குக் கணக்கு குறுக்கே வரும்.

முதல் மாதம்: எண்ணும் முகமும்

சம்பவம் நடந்த பிறகு அலுவலகத்தைத் தேடிப் போனால் வாசலிலேயே அரை நாள் போய்விடும். முதல் மாதத்தில் ஒரு சம்பவத்தையும் கையில் எடுக்காமல், இரண்டிரண்டு பேராகப் போய் முகம் காட்டிவிட்டு வாருங்கள்.

மாவட்ட சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருப்பார். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்தின் கீழ், அடிபட்ட பெண்ணுக்கும் நீதிமன்றத்துக்கும் நடுவே நிற்பவர் அவர்தான். அவருடைய அலுவலக எண், அவர் விடுப்பில் இருந்தால் யார் பொறுப்பு, எந்தக் கிழமைகளில் அலுவலகத்தில் இருப்பார் ஆகியவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்தது ஒருங்கிணைந்த சேவை மையம். அங்கே ஒரு பெண் ஐந்து நாள் வரை தங்கலாம். மருத்துவம், சட்ட உதவி, மனநல ஆலோசனை எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ் கிடைக்கும். உடன் தங்கும் ஆண் பிள்ளைக்கு வயது வரம்பு உண்டு. பத்தாவது படிக்கும் மகனோடு நள்ளிரவில் போய் நின்று திண்டாடாமல் இருக்க, அதை இப்போதே கேட்டு வையுங்கள். ஐந்து நாளுக்கு மேல் தங்க எந்தக் காப்பகம் என்பதையும் அங்கேயே கேளுங்கள்.

பிறகு மகளிர் காவல் நிலையம். 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கிய இந்த ஏற்பாடு இன்று மாநிலம் முழுக்க இருக்கிறது. ஆனால் உங்கள் ஊரிலிருந்து அது 30 கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம், அதனால் உள்ளூர் காவல் நிலையத்திலும் அறிமுகம் வேண்டும். கடைசியாக, நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் குழு. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தருவது 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. "சம்பளம் வாங்குறீங்களே, உங்களுக்குக் கிடையாது" என்று யாராவது சொன்னால் அது தவறு.

மனப்பாடமாக இருக்க வேண்டிய எண்கள்: அவசரத்துக்கு 112, பெண்களுக்கு 24 மணி நேரமும் 181, குழந்தைகளுக்கு 1098, ஆம்புலன்ஸ் 108, சட்ட உதவிக்கு 15100, முதியோருக்கு 14567, மனநல உதவிக்கு 14416. ரேஷன் கடை, பால் சொசைட்டி, அங்கன்வாடிச் சுவரில் எழுதிப் போடுங்கள். பெண்கள் கழிப்பறைக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டினால் இன்னும் நல்லது. அங்கே நின்று நிதானமாகப் படிக்கலாம், யாரும் பார்க்க மாட்டார்கள்.

எப்படிக் கேட்பது

அறிகுறிகள் வாயால் வருவதில்லை. சுய உதவிக் குழுக் கூட்டத்துக்கு மாதக்கணக்கில் தவறாமல் வந்தவர் திடீரென்று தவணையை மட்டும் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்தனுப்புகிறார். அங்கன்வாடியில் குழந்தை, பொம்மையின் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதுகிறது. கோடையில் ஒருத்தி முழுக்கை ரவிக்கை போட்டுவருகிறாள். இதில் ஒன்றை மட்டும் வைத்து முடிவுக்கு வர வேண்டாம். ஆனால் ஒன்றைப் பார்த்தாலே ஒருவர் போய்ப் பேச வேண்டும்.

மாமியார் திண்ணையில் இருக்கும்போது கேட்காதீர்கள். கணவர் வீட்டில் இருக்கும்போது போனிலும் கேட்காதீர்கள். ஆடு ஓட்டிப் போகும் வழி, நூறு நாள் வேலை இடம், துணி துவைக்கும் கல் போன்ற இடங்கள் நல்லவை. "உங்களை அடிக்கிறாரா?" என்று நேராகக் கேட்டால் முதல் பதில் "இல்லை"தான். கேட்பது இப்படிப் போகட்டும்:

"ரெண்டு வாரமா ஆளையே காணோமேக்கா?"

"காய்ச்சல்."

"சரி. அவரு கோவப்பட்டா வீட்டுல என்னக்கா ஆகும்?"

இந்த இடத்தில் பேசாமல் இருக்க வேண்டும். கேட்டவருக்குத்தான் அந்த மௌனம் தாங்காது. "எல்லா வீட்லயும் உள்ளதுதான்" என்று தானே பதிலும் சொல்லிக் கதவைச் சாத்திவிடுவார். ஒரு நிமிடம் பொறுங்கள். அவர் சொன்னால் "ஏன் இத்தனை நாள் சொல்லல?", "நீ என்ன பண்ண?" என்ற இரண்டு கேள்விகளும் வேண்டாம். "நீங்க சொல்றதை நான் நம்புறேன். உங்களைக் கேக்காம யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றால் போதும். சொன்னபடி நடக்கவும் வேண்டும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால், ரகசியம் காப்பேன் என்று வாக்குக் கொடுக்க உங்களுக்கு உரிமை இல்லை. போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், மறைப்பது குற்றம். "பொண்ணு வாழ்க்கை போயிரும்" என்று ஊர் பேசி முடிக்கும் வழக்குகள் இந்த வகையில்தான் அதிகம். குழு இதில் பேரம் பேசவே கூடாது.

உயிருக்கு ஆபத்தா என்று பார்ப்பது

எல்லா அடியும் ஒன்றல்ல. அமெரிக்கச் செவிலியர் ஆய்வாளர் ஜாக்குலின் கேம்ப்பெல் 1980-களில் உருவாக்கிய கேள்விப் பட்டியல், எந்த வன்முறை கொலையில் முடிய வாய்ப்பு அதிகம் என்று கணிக்க இன்றும் பல நாடுகளில் பயன்படுகிறது. அதன் சாரத்தை நம் ஊருக்கு ஏற்பக் கேட்கலாம்: அடி சமீபத்தில் அடிக்கடி நடக்கிறதா, கடுமையாகிறதா? அரிவாள், மண்ணெண்ணெய், பூச்சிமருந்து எதையாவது காட்டி மிரட்டினாரா? கொன்றுவிடுவேன் என்றாரா? நீ போனால் நான் செத்துவிடுவேன் என்கிறாரா? கர்ப்பமாக இருக்கும்போது அடித்தாரா? சந்தேகப்பட்டு எங்கும் விடாமல் காவல் காக்கிறாரா? சமீபத்தில் பிரிந்து வந்தீர்களா, வரப்போவதாகச் சொன்னீர்களா?

கடைசிக் கேள்வியைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள், இனி பயமில்லை என்று நினைப்பார்கள். பிரிந்து வந்த முதல் வாரங்களில்தான் ஆபத்து உச்சத்தில் இருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: கழுத்தை நெரித்தாரா? "ஆமா, லேசா அமுக்குனாரு" என்று சொன்னாலும் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். கழுத்தில் தடமே இல்லாமல் உள்ளே இரத்தக் குழாய் கிழிந்திருக்கலாம். குரல் கம்முவது, விழுங்க வலிப்பது, கண் வெள்ளையில் சிவப்புப் புள்ளிகள், அந்த நேரத்தில் சிறுநீர் கழிந்தது, சற்று நினைவு தப்பியது ஆகிய எதையும் அலட்சியம் செய்யக் கூடாது. சில மணி நேரமோ சில நாளோ கழித்துப் பக்கவாதம் வரலாம், உயிரும் போகலாம். ஒருமுறை கழுத்தில் கை வைத்தவன் பின்னாளில் கொலை செய்யும் வாய்ப்பு பல மடங்கு கூடுதல் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த உண்மை.

இரவில் குறுக்கிடுவது

2008-இல் 'பிரேக்த்ரூ' என்ற அமைப்பு 'பெல் பஜாவ்' என்ற பிரச்சாரத்தை இந்தியாவில் தொடங்கியது. அடி விழும் சத்தம் கேட்டால் போய் அந்த வீட்டு மணியை அடி, பால் இருக்கிறதா என்று கேள், அவ்வளவுதான். அடிப்பவனுக்குத் தன்னை யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தால் போதும் என்பதே அதன் அடிப்படை. நம் தெருவில் அழைப்பு மணி இல்லாவிட்டாலும் இந்த முறை நன்றாகவே எடுபடும்.

மூன்று பேராகப் போங்கள். தனியாக ஒருபோதும் வேண்டாம். ஒருவர் பேசுவார், அது பெரும்பாலும் வயதில் மூத்த ஆண். ஒரு பெண் அவருக்கு இரண்டடி பின்னால். மூன்றாமவர் தெருவிலேயே நின்று, 112-ஐ அழுத்தத் தயாராகப் போனைக் கையில் வைத்திருப்பார். கதவைத் தட்டி வேறு விஷயம் கேளுங்கள்: "தம்பி, உங்க வீட்ல கரண்ட் இருக்கா? எங்க லைன் போயிருச்சு." கதவு திறந்ததும் பின்னால் நிற்கும் பெண், "அக்கா, எங்க அம்மாவுக்கு மயக்கமா வருது, ஒரு நிமிஷம் வாங்களேன்" என்று அவளை வெளியே கூப்பிட வேண்டும். அவளும் அவனும் வேறு வேறு இடத்தில் இருக்க வேண்டும், அன்றிரவு அதற்கு மேல் எதுவும் வேண்டாம். பிள்ளைகளையும் மறக்காமல் கூப்பிடுங்கள். வீட்டுக்குள் விட்டு வந்த பிள்ளைக்காகவே அவள் ஐந்தாவது நிமிடம் உள்ளே ஓடுவாள்.

தவறு நேரும் இடங்கள் சில உண்டு. "பொம்பளையை அடிக்கிறியே, நீயெல்லாம் ஆம்பளையா" என்று கேட்பது அவனுக்குத் தெருவில் ஒரு மேடையைப் போட்டுக் கொடுப்பதாகும். வீடியோ எடுத்துக்கொண்டு போய் நின்றாலும் அதே விளைவுதான். அடுப்படிக்குள் நுழையாதீர்கள், கத்தி, எண்ணெய், எரிவாயு எல்லாம் அங்கேதான். குடித்திருப்பவனிடம் கையைப் பிடித்து நியாயம் பேசாதீர்கள், நியாயம் காலையில் பேசலாம். கையில் ஆயுதம் இருக்கிறது, கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்கிறான், மண்ணெண்ணெய் வாசம் வருகிறது என்றால் கதவைத் தட்டுவதற்கு முன்பே 112. அப்போது ஊர் பெயர், தெரு, அருகிலுள்ள அடையாளம், ஆயுதம் இருக்கிறதா, பிள்ளைகள் எத்தனை என்ற ஐந்தையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள்.

"நாளைக்கு என் மேலயே கேஸ் போட்டா?" என்ற பயம் நியாயமானது. 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, வன்முறை நடந்தது அல்லது நடக்கலாம் என்று நம்பக் காரணம் உள்ள எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம் என்கிறது. நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர் மேல் உரிமையியல், குற்றவியல் பொறுப்பு எதுவும் சாராது என்றும் அதே பிரிவு சொல்கிறது. இந்த வரியை அச்சடித்து உறுப்பினர் ஒவ்வொருவரிடமும் கொடுத்து வையுங்கள்.

மருத்துவமனையில் சொல்லும் முதல் வாக்கியம்

பின்னால் வரும் வழக்கின் தலையெழுத்து பெரும்பாலும் இங்கேதான் எழுதப்படுகிறது. அரசு மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் பதிவார்கள்; பேச்சுவழக்கில் ஏ.ஆர். என்ட்ரி. காயம் எப்படி ஏற்பட்டது என்று கேட்டதும், கூட வந்த மாமனாரைப் பார்த்துக்கொண்டே அவள் "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்" என்பாள். அது அப்படியே பதிவாகும். ஆறு மாதம் கழித்து நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு முதலில் எடுத்து நீட்டுவது அந்தத் தாளைத்தான்.

அதனால் கூடப் போகும் குழுப் பெண், டாக்டரிடம் "இவங்களைத் தனியா வெச்சுக் கேளுங்க" என்று சொல்ல வேண்டும். யார், எதனால், எங்கே, எத்தனை மணிக்கு அடித்தார் என்பதைப் பாதிக்கப்பட்டவர் தன் வாயால் சொல்லட்டும். ஏ.ஆர். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். காயத்தை அன்றும், மூன்றாம் நாளும் படமெடுங்கள். கன்றிப்போனது மூன்றாம் நாள்தான் முழுதாகத் தெரியும். ஒரு படம் முகத்தோடு சேர்த்து, ஒரு படம் அருகிலிருந்து, பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து. படம் அவள் போனில் இருக்கக் கூடாது.

சட்ட வழி: எது எங்கே சிக்கும்

இரண்டு பாதைகள் உண்டு, இரண்டையும் சேர்த்தே நடக்கலாம். ஒன்று குற்ற வழக்கு: கணவரோ அவர் உறவினரோ மனைவியைக் கொடுமைப்படுத்துவதற்கான பழைய 498ஏ பிரிவின் இடத்தில், 2024 ஜூலை 1 முதல் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-ஆம் பிரிவு இருக்கிறது. காவல் நிலையத்தில் பெரும்பாலும் சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து, "ரெண்டு பேரும் நாளைக்கு வாங்க, பேசலாம்" என்பார்கள். சி.எஸ்.ஆர். என்பது புகார் வந்ததற்கு அத்தாட்சி மட்டுமே, எஃப்.ஐ.ஆர். அல்ல. பிடியாணை இல்லாமலே போலீஸ் கைது செய்யக்கூடிய குற்றமோ உயிருக்கு ஆபத்தோ இருந்தால் எஃப்.ஐ.ஆர். கேளுங்கள், மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் புகார் அனுப்பலாம்.

மற்றது 2005-ஆம் ஆண்டுச் சட்டம். அவனை உள்ளே தள்ளுவதைவிட, தான் பயமில்லாமல் வாழ வேண்டும் என்பதுதான் பெரும்பாலான பெண்களின் விருப்பம், அதற்கு இதுதான் பொருத்தம். பாதுகாப்பு அலுவலர் முதலில் குடும்பச் சம்பவ அறிக்கை எழுதுவார். அதில் தேதிகள் கேட்பார். "அடிக்கடி அடிப்பாரு" என்பது அறிக்கையில் நிற்காது. "ஆடி அமாவாசைக்கு முந்தின நாள் ராத்திரி, பெரியவ பள்ளிக்கூடம் சேர்ந்த வாரம்" என்று திருவிழா, தேர்வு, பிறந்தநாள்களை வைத்துத் தேதியைத் தேடிப் பிடித்து முன்னரே எழுதிக்கொண்டு போங்கள். முதல் சம்பவம், மோசமான சம்பவம், கடைசிச் சம்பவம் என்று குறைந்தது மூன்று இருக்க வேண்டும்.

இந்தச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு மனுவை நீதித்துறை நடுவரிடம் அவளே போடலாம், பாதுகாப்பு அலுவலரோ அவள் சார்பில் வேறு யாருமோகூடப் போடலாம். அவள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலேயே தாக்கல் செய்யலாம் என்பதால் அம்மா வீட்டிலிருந்து புருஷன் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. அடிக்கக் கூடாது, அருகில் வரக் கூடாது என்ற பாதுகாப்பு ஆணை, வீட்டைவிட்டு வெளியேற்றக் கூடாது என்ற வசிப்பிட ஆணை, செலவுக்குப் பணம், பிள்ளைகளின் பொறுப்பு, இழப்பீடு என எல்லாவற்றையும் ஒரே மனுவில் கேட்கலாம். வீடு மாமனார் பெயரில் இருந்தாலும் மருமகளுக்கு அங்கே வசிக்கும் உரிமை உண்டு என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. மனைவிக்கு மட்டுமல்ல, தாய், சகோதரி, விதவை அண்ணி, திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழும் பெண் ஆகியோருக்கும் இந்தச் சட்டம் பொருந்தும்.

முதல் விசாரணை சாதாரணமாக மூன்று நாளுக்குள், முடிவு அறுபது நாளுக்குள் என்பது சட்டத்தின் எழுத்து. நடைமுறையில் வாய்தா மேல் வாய்தா போகும். எனவே மனுவோடு சேர்த்து 23-ஆம் பிரிவின்படி இடைக்கால ஆணை வேண்டும் என்று உறுதிமொழி ஆவணத்துடன் தனியாகக் கேட்கச் சொல்லுங்கள். இதை விட்டுவிட்டால் இறுதித் தீர்ப்பு வரும்வரை கையில் ஒரு தாளும் இருக்காது. ஆணை கிடைத்ததும் நகல் காவல் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்று நேரில் போய்ப் பாருங்கள். ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம். அது பிணையில் வெளிவர முடியாத குற்றமும்கூட. ஆனால் ஆணை வந்ததே நிலையத்துக்குத் தெரியாவிட்டால் நள்ளிரவு ஒரு மணிக்கு அது வெறும் தாள்தான்.

ஆலோசனைக்கு அனுப்பினால் ஒன்றை நினைவில் வையுங்கள். இச்சட்டத்தின் விதிகளின்படி, ஆலோசனையில் அடித்ததற்குக் காரணம் சொல்லி நியாயப்படுத்த எதிர்மனுதாரருக்கு அனுமதி இல்லை. "இவ வாய் பேசுனா, அதான்" என்று அவன் ஆரம்பித்தால், கூடப் போனவர் அந்த விதியைச் சுட்டிக்காட்டலாம்.

வயதான ஆணை மகன் அடித்தால் இந்தச் சட்டம் உதவாது. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மனு கொடுக்க வேண்டும்.

பை

வெளியேறுவதா இல்லையா என்பது அவள் முடிவு. ஆனால் பையைத் தயாராக வைப்பதற்கு அந்த முடிவு தேவையில்லை. ஒரு மஞ்சள் பை போதும். பெரிய பெட்டி கண்ணில் படும். உள்ளே: ஆதார், ரேஷன் அட்டை நகல், வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, மாற்றுச் சான்றிதழ் நகல், கல்யாணப் பத்திரிகையும் ஒரு படமும் (திருமணத்தைப் பதிவு செய்யாதவர்களுக்கு ஆதாரம் அதுதான்), சீர்ப் பொருள் பட்டியல், வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை பத்து நாளுக்கு, ஒரு செட் துணி, 1,000 ரூபாய் சில்லறையாக, ஒரு பழைய பட்டன் போன். பை அவள் வீட்டில் இருக்கக் கூடாது. அம்மா வீட்டிலும் வேண்டாம், அவன் முதலில் தேடிப் போகும் இடம் அது. குழுவில் யார் வீட்டில் இருக்கிறது என்பது இருவருக்கு மட்டும் தெரியட்டும்.

போனில் அவன் போட்ட கூகுள் கணக்கு இருந்தால் அவள் போகும் இடமெல்லாம் அவன் கையில் தெரியும். வாட்ஸ்அப் வேறொரு கணினியில் திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கிளம்பும் நாளுக்கு முன் இவற்றை அணைத்தால் சந்தேகம் வரும். கிளம்பும் நேரத்தில் அணையுங்கள். சங்கேத வார்த்தை ஒன்றும் வேண்டும். "அக்கா, தயிர் உறை இருக்கா?" என்று போன் வந்தால் உடனே ஆள் வர வேண்டும் என்பதுபோல, யார் காதில் விழுந்தாலும் சாதாரணமாகத் தோன்றுவதாக இருக்கட்டும்.

குறித்து வைப்பது

பிரிட்டனின் கார்டிஃப் நகரில் ஜொனாதன் ஷெப்பர்ட் என்ற முக அறுவை மருத்துவர் ஒன்றைக் கவனித்தார்: அடிபட்டு அவசரப் பிரிவுக்கு வருபவர்களில் பெரும்பகுதி பேர் போலீஸ் கணக்கிலேயே இல்லை. பெயரை விட்டுவிட்டு, எங்கே, எப்போது, எதனால் என்ற விவரத்தை மட்டும் மருத்துவமனை காவல்துறைக்கும் நகராட்சிக்கும் தொடர்ந்து கொடுத்தது. எந்த மதுக்கடை வாசல், எந்தத் தெரு முனை என்று தெரிந்தபின் நடவடிக்கையும் அங்கேயே குவிந்தது. 2011-இல் வெளியான ஆய்வின்படி, ஒத்த 14 நகரங்களோடு ஒப்பிடும்போது வன்முறையால் மருத்துவமனையில் சேர்க்கப்படுவது கார்டிஃபில் 42 சதவீதம் குறைந்தது.

ஊராட்சிக்கு ஒரு 40 பக்க நோட்டு போதும். கிழமை, நேரம், தெரு, கையில் என்ன இருந்தது, குடித்திருந்தாரா, 112 எத்தனை நிமிடத்தில் வந்தது. பெயர் இல்லை, கதவு எண் இல்லை. ஆறு மாதம் கழித்துப் புரட்டினால் ஏதாவது ஒன்று தென்படும்: சனிக்கிழமைக் கூலி நாள், பத்து மணிக்கு டாஸ்மாக் மூடியபின் வரும் ஒரு மணி நேரம், சிறுகடன் நிறுவனத்தின் வாரத் தவணைக்கு முந்தைய இரவு. பார்த்த பிறகு வேலை எளிது. சனி இரவு ஒன்பதரை முதல் பதினொன்றரை வரை யார் விழித்திருப்பது என்று முறை போடலாம். மேஸ்திரிகளிடம் பேசி, கூலியில் ஒரு பகுதியைத் தொழிலாளி வீட்டுப் பெண்ணின் வங்கிக் கணக்கில் போட முடியுமா என்று கேட்கலாம், தொழிலாளியும் சம்மதித்தால்.

குடியைப் பற்றி ஒரு சொல். குடியை நிறுத்தினால் எல்லாம் சரியாகும் என்று ஊர் நம்புகிறது. பல வீடுகளில் குறையும், உண்மைதான். மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சிகிச்சை இருக்கிறது, வருபவரை அழைத்துப் போங்கள். ஆனால் அதே போதையில் சப்-இன்ஸ்பெக்டரைப் பார்த்ததும் வேட்டியை இறக்கிவிட்டு ஒதுங்கி நிற்கத் தெரிந்தவன், யாரை அடிக்கலாம் என்பதைப் போதையிலும் தெரிந்துதான் வைத்திருக்கிறான். சிகிச்சைக்குப் போயிருக்கிறான் என்பதற்காகப் பையை அவிழ்க்க வேண்டாம்.

கிராம சபை

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் ஏதாவதொன்றில் தீர்மானம் போடுங்கள். உதவி எண்களைப் பொது இடங்களில் எழுதுவது, இருட்டுத் தெருவுக்கு விளக்கு, பாதுகாப்பு அலுவலரை ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்கு அழைப்பது ஆகிய மூன்றுக்கு மேல் வேண்டாம். எந்த வீட்டுச் சம்பவத்தையும், பெயர் சொல்லாமல்கூட, சபையில் எடுக்காதீர்கள். "ஒரு வீட்டுல" என்று ஆரம்பித்தாலே எல்லோர் தலையும் ஒரே பக்கம் திரும்பும் ஊர் இது.

அவள் திரும்பிப் போனால்

போவாள். பிள்ளையின் பள்ளிக்கூடம், தம்பிக்குப் பெண் பார்க்கும் நேரம், கையில் காசில்லாதது, அவன் அழுதது என்று காரணம் ஏதாவது இருக்கும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஆட்டோ ஓட்டியவருக்குக் கோபம் வரும். "இனிமே கூப்பிடாத" என்று சொல்லத் தோன்றும். குழுக்கள் கலைவது மிரட்டலால் என்பதைவிட இந்தச் சலிப்பால்தான் அதிகம். கோபத்தைக் குழுக் கூட்டத்தில் கொட்டிக்கொள்ளலாம், அவளிடம் காட்டக் கூடாது. மாதம் ஒருமுறை கூடும்போது முதல் அரை மணி நேரத்தை இதற்கென்றே ஒதுக்குங்கள். இரவு வேலையை இரண்டு மாதத்துக்கு மேல் ஒருவரே பார்க்காதபடி முறை மாற்றுங்கள்.

திரும்பிப் போகிறவளிடம் மூன்று விஷயம் மட்டும்: சங்கேத வார்த்தை அப்படியே இருக்கிறது, எண் மாறவில்லை, பை அதே வீட்டில்தான் இருக்கிறது. அவள் போன பிறகு அந்தப் பையைத் திறந்து, பத்து நாள் மாத்திரையின் காலாவதித் தேதியைப் பாருங்கள். பட்டன் போனைச் சார்ஜில் போடுங்கள்.